பேனா சொல்வது உண்மையா?

நாற்பது வயதைத் தாண்டிய யாருடைய மருத்துவ ஃபைலைப் பிரித்தாலும் அதில் ஓர் ஈ.சி.ஜி. தாள் இருக்கும். கட்டங்களின் மேல் ஓடும் கோட்டை டாக்டர் பார்க்கிறார்; நாம் டாக்டரின் முகத்தைப் பார்க்கிறோம். அடுத்த முறை அந்தத் தாளின் ஓரத்தையும் கொஞ்சம் பாருங்கள். துடிப்புக் கோட்டின் தொடக்கத்திலோ முடிவிலோ வாசற்படி போல ஒரு சிறிய செவ்வகம் இருக்கும். அதைப் போட்டது இதயம் அல்ல, கருவி. அது எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். தானாகக் கோடு போடும் பேனாவின் கதையை முதலில் பார்க்கலாம்.

தாள் ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம்

பதிவுக் கருவி எதுவானாலும் அதில் இரண்டு அசைவுகள் உண்டு. தாள் காலத்தோடு நகர்கிறது. பேனா அளக்கப்படும் பொருளோடு நகர்கிறது. வானிலை நிலையங்களில் இருந்த வெப்பப் பதிவுக் கருவி இதற்கு எளிய உதாரணம். ஒரு பித்தளை உருளைக்குள் கடிகாரம் இருக்கும். உருளையைச் சுற்றித் தாளை மாட்டிச் சாவி கொடுத்தால் வாரத்துக்கு ஒரு சுற்று சுற்றும். வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரிகின்ற இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை வளைந்து நிமிரும்போது, அதோடு இணைந்த நீண்ட கை பேனாவை மேலும் கீழும் நகர்த்தும்.

தானியங்கி மழைமானியும் இந்த வகைதான். மழைநீர் சேரச் சேர மிதவை உயர்ந்து பேனாவை ஏற்றும். நம் நாட்டில் வழக்கமாக உள்ள கருவியில் 10 மி.மீ. மழை சேர்ந்ததும் சைஃபன் குழாய் வழியே தண்ணீர் வெளியேறிவிடும்; பேனாவும் சரேலென்று பூஜ்யத்துக்கு இறங்கும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாக்ரூஸில் பெய்த 944 மி.மீ. மழைக்கு, இத்தகைய பேனா 94 முறை ஏறி இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதைச் சரியாகச் செய்யப் பொறியியலாளர்கள் நூறாண்டுக்கு மேல் பாடுபட்டார்கள். பேனாவுக்கு எதிரிகள் மூன்று: உராய்வு, சொந்த எடை, வட்டமாகச் செல்லும் பாதை.

தாளைத் தொடாமல் எழுதுவது

வெப்பத்தால் வளையும் பட்டையின் பலம் மிகக் குறைவு. பேனா தாளை அழுத்தினால் பட்டை தோற்றுவிடும். கோடு வழுக்கிச் செல்லாமல் படிப்படியாகத் தாவும். அழுத்தாமலே விட்டால் மை பிடிக்காது. இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். நிலை சற்றுச் சாய்ந்திருந்தால் கதவு தானாக வந்து மூடிக்கொள்வதை நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். அதேபோல் பேனாக் கையின் கீலைச் சிறிது சாய்த்து வைத்தார்கள். தன் எடையிலேயே பேனா தாளின்மீது மெல்லச் சாய்ந்து நிற்கும். அதற்கு மேல் அழுத்தம் இல்லை. ஒரு வாரம் திறந்தே இருக்கும் மை உலராமலிருக்க அதில் கிளிசரின் கலந்தார்கள்.

வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) இன்னும் ஒரு படி மேலே போனார். கடலடித் தந்திக் கம்பிகளில் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வரும் மின்சாரம் மிகவும் பலவீனமானது. 1867-ல் அவர் காப்புரிமை பெற்ற கருவியில் பேனாவுக்குப் பதில் மெல்லிய கண்ணாடிக் குழாய் இருந்தது. மையை மின்னேற்றியதால் அது துளித்துளியாகத் தாளை நோக்கித் தாவியது. குழாய் தாளைத் தொடவே இல்லை. எனவே உராய்வும் இல்லை.

பேனாவின் சொந்த ஆட்டம்

மளிகைக் கடைத் தராசில் எடையை வைத்ததும் முள் உடனே நிற்பதில்லை. இரண்டு மூன்று முறை தாண்டி ஆடிவிட்டுத்தான் நிற்கிறது. அசைகின்ற பாகத்துக்கு எடை இருந்தால் இது தவிர்க்க முடியாதது. பேனாவும் அப்படி ஆடினால், இல்லாத மேடு பள்ளம் எல்லாம் தாளில் விழும்.

நீராவி எஞ்சின் பொறியாளர்களுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. சிலிண்டருக்குள் நீராவியின் அழுத்தம் மாறுவதைப் பென்சிலால் வரையும் முறையை ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796-ல் கொண்டுவந்தார். எஞ்சின் மெதுவாக ஓடியவரை சிக்கல் இல்லை. வேகம் கூடியதும் பென்சிலின் ஆட்டத்தில் கோடு அலை அலையாக வந்தது. 1862 லண்டன் கண்காட்சியில் காட்டப்பட்ட ரிச்சர்ட்ஸின் கருவி இதற்கு விடை சொன்னது. கனமான பிஸ்டன் மிகக் கொஞ்சமே நகரும்படி விறைப்பான ஸ்பிரிங்கை வைத்தார். அந்தச் சிறு அசைவை இலேசான நெம்புகோல்கள் பெரிதாக்கிப் பென்சிலுக்குக் கொடுத்தன. கனமானது குறைவாக அசையட்டும், அதிகமாக அசைவது இலேசாக இருக்கட்டும் என்ற இந்த விதியைப் பின்னால் வந்த பதிவுக் கருவிகள் எல்லாவற்றிலும் காணலாம்.

ஆட்டத்தை அடக்க எண்ணெயோ காந்தமோ கொண்டு தடை கொடுப்பதும் உண்டு. அதிலும் அளவு வேண்டும். தடை குறைந்தால் பேனா தாண்டும். மிகுந்தால் உண்மையான உச்சியைத் தொடாமலே திரும்பிவிடும்.

வளைந்த கட்டங்கள்

ஒரு முனையில் கீல் உள்ள கை நேர்கோட்டில் நகராது. வட்டத்தின் பகுதியாகத்தான் நகரும். கையின் நீளம் 150 மி.மீ., நடுவிலிருந்து அது 20 டிகிரி திரும்புகிறது என்று கொள்வோம். அப்போது முனை ஏறத்தாழ 9 மி.மீ. பின்வாங்கியிருக்கும். 290 மி.மீ. சுற்றளவுள்ள உருளை வாரத்துக்கு ஒரு சுற்று சுற்றினால், 9 மி.மீ. என்பது ஐந்து மணி நேரம்! பகல் ஒரு மணி வெயில் காலை எட்டு மணிக்கோ மாலை ஆறு மணிக்கோ அடித்ததாகத் தோன்றும். ஆகவே தாளிலேயே நேரக் கோடுகளை அதே வளைவில் அச்சிட்டார்கள்.

பழைய ஈ.சி.ஜி. கருவியில் வேறு தந்திரம். சூடேறிய கம்பி ஒன்று, சூடு பட்டால் கறுக்கும் தாளின்மேல் கிடக்கும். தாள் ஒரு கூரிய விளிம்பின்மேல் மடங்கி ஓடும். கம்பி எந்தக் கோணத்தில் நின்றாலும் விளிம்பில்தான் தாளைத் தொடும் என்பதால் கோடு நேராக விழும்.

கட்டளைப்படி வரையும் பேனா

கம்ப்யூட்டர் வந்தபின் பேனாவுக்கு வேலை மாறியது. தானாக அளந்து எழுதுவது போய், சொன்ன இடத்துக்குச் சென்று வரைவது வந்தது. இதுதான் பிளாட்டர். 1959-ல் வந்த கால்காம்ப் 565-ல் தாள் உருளையோடு முன்னும் பின்னும் போகும். பேனா குறுக்கே போகும். அடி ஒன்றுக்கு அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, வினாடிக்கு 300 அடி.

பெரிய படம் வரையும் சில பிளாட்டர்களில் தாள் மேஜைமேல் அசையாமல் கிடக்க, பாலம் போன்ற சட்டம் பேனாவைச் சுமந்து ஓடியது. அந்தச் சட்டத்தை விரைவாக ஓட்டி நிறுத்துவது சிரமம். ஒரு ஏ-4 தாளின் எடையோ 5 கிராம்தான். ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனத்தார் 1980-களின் தொடக்கத்தில் சட்டத்தை விட்டுவிட்டுத் தாளையே ஓட்டினார்கள். தாளின் ஓரங்களை உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான சிறு சக்கரங்கள் பிடித்துக்கொள்ளும். முதல் ஓட்டத்தில் பதியும் நுண்ணிய பள்ளங்களிலேயே அடுத்தடுத்த ஓட்டங்களிலும் அந்தச் சொரசொரப்பு உட்காரும் என்பதால் தாள் வழுக்காது. ரிச்சர்ட்ஸின் விதி இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்.

பிளாட்டரின் பெரிய நோய், பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தளர்ச்சி. ஒர்க்ஷாப்பில் இதை ‘பிளே’ என்பார்கள். திசை மாறும்போது மோட்டார் சிறிது சுழன்ற பிறகே பேனா நகரத் தொடங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வட்டம் வரையச் சொன்னால் போதும். தொடங்கிய இடத்தில் முடியாவிட்டால் நோய் இருக்கிறது என்று பொருள்.

நின்ற இடத்தைப் பார்

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் நான் அடிபட்டுத்தான் கற்றேன்.

நான் வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளில், 45 கி.மீ. வேகக் கட்டுப்பாடு இருந்த ஓரிடத்தில் ஒரு டிரைவர் 50-ல் ஓட்டினார் என்று புகார் வந்தது. எஞ்சினிலிருந்த பதிவுக் கருவியின் தாளை என்னிடம் கொடுத்தார்கள். மெழுகு பூசிய தாள். கடிகாரம் அதை ஓட்ட, ஊசி அதில் கீறும். படித்தேன். 50 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓய்வு பெற ஓராண்டே இருந்த அந்த டிரைவரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

எங்கள் ஷெட்டில் திருச்சிக்காரரான சார்ஜ்மேன் ஒருவர் இருந்தார். அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, ஓடுன இடத்தை எல்லாரும் பாத்தாச்சு. நின்ன இடத்தை யாராவது பாத்தீங்களா?” என்றார்.

வண்டி இரண்டு ஸ்டேஷன்களில் நின்றிருந்தது. அங்கே கோடு பூஜ்யத்தில் படுத்திருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் அது 5-ல் இருந்தது. தாள் மாற்றும்போது யாருடைய கையோ பட்டு ஊசியின் தண்டு இம்மியளவு வளைந்திருந்தது. கருவியைக் கழற்றித் தெரிந்த வேகங்களில் ஓட்டிச் சோதித்தோம். எல்லா இடத்திலும் 5 கூடுதலாகவே காட்டியது. அவர் ஓட்டியது 45-ல்தான்.

புகார் கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள் அவர் பதினோரு நாள் தலைகுனிந்து வீட்டில் இருந்துவிட்டார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்து அனுப்பினார், வேறொன்றும் சொல்லவில்லை.

இன்று எஞ்சின்களில் வேகம் மின்னணு நினைவகத்தில் பதிவாகிறது. ஈ.சி.ஜி.யிலும் பெரும்பாலும் ஆடும் கம்பி இல்லை. வரிசையாக அமைந்த நுண்ணிய சூடான புள்ளிகள் கோட்டை அச்சிடுகின்றன. ஆனாலும் அந்தச் சிறிய செவ்வகம் இன்னும் இருக்கிறது. ஒரு மில்லிவோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் கோடு 10 மி.மீ. உயர வேண்டும் என்பது வழக்கமான ஏற்பாடு. கட்டங்களை எண்ணிப் பாருங்கள். செவ்வகத்தின் உயரம் பத்துச் சிறு கட்டம் இருக்கும். சில சமயம் டாக்டர்கள் வேண்டுமென்றே பாதியாகக் குறைத்தும் எடுப்பார்கள். அப்போது ஐந்து கட்டம் இருக்கும். எந்த அளவுகோலில் எழுதினேன் என்று கருவி தன்னைப் பற்றிச் சொல்லும் வாக்குமூலம் அது. டாக்டர் அதைப் பார்த்த பிறகே இதயத்தின் கோட்டைப் படிப்பார்.

வீட்டிலிருக்கும் எடை மெஷினையும் ரத்த அழுத்தக் கருவியையும் நம்புவதற்கு முன், ஒன்றும் வைக்காதபோது அவை பூஜ்யம் காட்டுகின்றனவா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.