பாட்டு ஓய்ந்த பின்னர்

நல்ல காரியத்திற்காக இசை நிகழ்ச்சி நடத்திப் பணம் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. நுழைவுச்சீட்டுக்கள் விற்கப்படுகின்றன, மக்கள் திரளுகின்றனர், கைதட்டுகின்றனர். மறுநாள் பந்தல் பிரிக்கப்பட்டபின் எஞ்சுவது என்ன? அமெரிக்கக் கமக்காரருக்காக 1985 ஆம் ஆண்டு தொடங்கிய ‘பாம் எயிட்’ இசை நிகழ்ச்சியின் வரலாறு இக்கேள்விக்குப் பயனுள்ள விடை தருகின்றது.

மேடையில் விழுந்த ஒரு சொல்

1985 யூலை 13 ஆம் திகதி, எத்தியோப்பியாவில் பஞ்சத்தால் வாடியோருக்காக லண்டனிலும் பிலடெல்பியாவிலும் ‘லைவ் எயிட்’ என்ற மாபெரும் நிகழ்ச்சி நடைபெற்றது. பிலடெல்பியா மேடையில் பாடிய பொப் டிலான், சேரும் பணத்தில் சிறிதளவை அமெரிக்கக் கமக்காரரின் ஈட்டுக் கடனை அடைக்கக் கொடுக்கலாமே என்று கூறினார். நிகழ்ச்சியை ஒழுங்குசெய்த பொப் கெல்டொவ் இதனை விரும்பவில்லை. பட்டினியால் உயிரிழப்போரையும் காணியை இழப்போரையும் ஒன்றாக வைத்துப் பேசுவது பொருந்தாது என்பது அவரது கருத்து. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆயினும் அந்தச் சொல் வேறொரு முயற்சிக்கு வித்தாயிற்று. வில்லி நெல்சன், நீல் யங், ஜோன் மெலன்காம்ப் ஆகிய பாடகர்கள் சில வாரங்களுக்குள் ஏற்பாடுகளை முடித்து, செப்டெம்பர் 22 ஆம் திகதி இலினோய் மாநிலத்தின் சம்பெய்ன் நகரில் முதலாவது நிகழ்ச்சியை நடத்தினர். ஏறத்தாழ 80,000 பேர் கூடினர். நெல்சன் தம் சிறுவயதில் ரெக்சாசில் பருத்தி பறித்தவர்.

கடன் வந்த வழி

பணக்கார நாட்டின் கமக்காரருக்கு என்ன குறை என்று நாம் கேட்கலாம். 1970களில் தானியத்திற்கு நல்ல விலை கிடைத்தது; காணி விலையும் ஏறியது. மேலும் நிலம் வாங்குங்கள், பெரிய இயந்திரம் வாங்குங்கள் என்று ஆலோசனை கூறப்பட்டது. வங்கிகளும் தாராளமாகக் கடன் கொடுத்தன. பின்னர் வட்டி வீதம் திடீரென உயர்ந்தது. 1980 இல் சோவியத் நாட்டிற்கான தானிய விற்பனைக்கு அரசு தடை விதித்தது. ஏற்றுமதி குறைந்தது, விளைபொருளின் விலை வீழ்ந்தது, ஈடு வைத்த காணியின் பெறுமதியும் சரிந்தது. தலைமுறை தலைமுறையாக உழுத நிலங்கள் ஏலத்திற்கு வந்தன. இது தமது சொந்தத் தோல்வி என்று வெட்கி, அயலவரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் புழுங்கியோர் பலர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு.

பணத்தால் முடியாதது

முதல் நிகழ்ச்சியில் 70 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. பெருந்தொகைதான். ஆனால் அமெரிக்கக் கமக்காரரின் மொத்தக் கடனோ அப்போது ஏறத்தாழ 20,000 கோடி டொலர். ஆளுக்கு ஆள் பங்கிட்டிருந்தால், சேர்ந்த பணம் காய்ந்த வயலில் தெளித்த ஒரு கைத் தண்ணீர்போல மறைந்திருக்கும்.

எனவே பணத்தின் ஒரு பகுதி வேறுவிதமாகப் பயன்படுத்தப்பட்டது. இடருற்ற கமக்காரர் அழைத்துப் பேசத் தொலைபேசிச் சேவைகளுக்கும், சட்ட ஆலோசனைக்கும், கிராமப்புறங்களில் ஏற்கெனவே இயங்கிய விவசாயிகள் அமைப்புக்களுக்கும் உதவி வழங்கப்பட்டது. 1986 இல் சென் லூயிஸ் நகரில் கமக்காரர் தாமே கூடித் தம் கோரிக்கைகளை வகுத்த மாநாட்டிற்கும் பாம் எயிட் கைகொடுத்தது.

1987 இல் நெல்சனும் மெலன்காம்பும் அமெரிக்கக் காங்கிரசின் குழு முன் சாட்சியமளித்தனர். அதே ஆண்டின் விவசாயக் கடன் சட்டம், அரச கடன் பெற்றவரின் காணியைப் பறிக்குமுன் கடனை மறுசீரமைக்க முடியுமா என்று ஆராயவேண்டும் என விதித்தது. இதைப் பாட்டு மட்டும் சாதிக்கவில்லை. பல ஆண்டுகளாக விவசாய அமைப்புக்கள் போராடி வந்தன. அவர்களின் குரலை நகரத்து மக்களும் செவிமடுக்கச் செய்தது மேடை.

ஆயினும் எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை; பல குடும்பங்கள் நிலத்தைவிட்டு வெளியேறின. அதனால்தான் முயற்சியும் நிற்கவில்லை. இடையில் சில ஆண்டுகள் தவிர இந்நிகழ்ச்சி தொடர்ந்து நடந்து வந்துள்ளது. 2025 இல் மினியாபொலிஸ் நகரில் அதன் நாற்பதாவது ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது.

நமக்கு ஒரு பாடம்

இசை நிகழ்ச்சி நடத்த எண்ணும் கிராமச் சங்கங்கள் மேடை போடுமுன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. யாருக்காக நடத்துகிறோமோ அவர்களைக் கலந்து பேசினோமா? துன்பத்தின் காரணத்தைக் கூட்டத்திற்கு எடுத்துச்சொல்ல மேடையில் பத்து நிமிடமாவது ஒதுக்கினோமா? வரவு செலவைப் பகிரங்கமாகக் காட்டுவோமா? அடுத்த மாதம் அந்தக் குடும்பங்களின் வாசலுக்குப் போகப்போவது யார்?

பாட்டைக் கேட்டு இளகிய மனம் விரைவிலேயே மீண்டும் இறுகிவிடும். அது இளகியிருக்கும்போதே அதற்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட வேண்டும்.