டிரெயில்: சொல்லும் பொருளும்

டிரெயில் என்பது காடு, மலை, புல்வெளி போன்ற இடங்களில் மனிதரும் விலங்குகளும் நடந்து நடந்து உண்டான வழியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். தமிழில் இதைப் பெரும்பாலும் ‘பாதை’ என்று மொழிபெயர்க்கின்றனர். அது தவறன்று, எனினும் சொல்லின் முழுப் பொருளும் அதில் வருவதில்லை. இச்சொல்லுக்கு மிக நெருக்கமான தமிழ்ச் சொல் ‘தடம்’ ஆகும்.

சொற்பிறப்பு

இலத்தீன் மொழியில் ‘இழு’ என்று பொருள்படும் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக இச்சொல் ஆங்கிலத்திற்கு வந்தது. டிராக்டர், டிரெயின் ஆகிய சொற்களுக்கும் அதே வேர்தான். முதலில் தரையில் இழுபட்டுச் செல்வதையும், பின்னர் அப்படிச் சென்றதால் விழுந்த அடையாளத்தையும் இச்சொல் குறித்தது. வேட்டை நாய் மோப்பம் பிடித்துத் தொடரும் சுவடும் டிரெயில் எனப்பட்டது. காட்டு வழி என்னும் பொருள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது.

தமிழில் ‘தடம்’ என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தருகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள ஊர் மணலூர்பேட்டை. அங்கு ஆற்று மணலில் ஓர் ஆடு நடந்து போனால் விழுவது காலடித் தடம். அதே இடத்தில் ஆடுகள் நாள்தோறும் போய்வந்தால் அது ஆட்டுத் தடம், அதாவது வழி.

பிற பொருள்கள்

வினைச்சொல்லாக வரும்போது ‘பின்தங்கு’ என்னும் பொருளும் இதற்கு உண்டு. விளையாட்டில் எதிரணியை விடக் குறைந்த ஓட்டங்களோ புள்ளிகளோ பெற்றிருக்கும் அணியை இச்சொல்லால் குறிப்பர். டிராக்டரின் பின்னால் இழுபட்டு வரும் பெட்டி டிரெய்லர். திரைப்பட முன்னோட்டமும் டிரெய்லர் எனப்படுகிறது. தொடக்கத்தில் அது முதன்மைப் படம் முடிந்த பின் காட்டப்பட்டதால் அப்பெயர் பெற்றது.

மாணவர்கள் இதை ‘டிரையல்’ என்னும் சொல்லோடு குழப்பிக்கொள்வது உண்டு. டிரையல் என்பது நீதிமன்ற விசாரணை அல்லது சோதனை முயற்சி. எழுத்துகள் இடம் மாறினால் பொருளும் மாறிவிடும்.

டிரெயிலும் டிரெக்கும்

டிரெயில் என்பது வழி. டிரெக் என்பது அவ்வழியில் மேற்கொள்ளும் நீண்ட நடைப்பயணம். டிரெக் என்னும் சொல் தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலிருந்து வந்தது. மாட்டு வண்டிப் பயணத்தைக் குறித்த அச்சொல்லுக்கும் அடிப்படைப் பொருள் ‘இழு’ என்பதே.

மக்கள் நடக்கும் வழிகள் அனைத்தும் டிரெயில் ஆகிவிடா. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ளது. லட்சக்கணக்கானோர் நடந்தாலும் அது தார் போட்ட சாலையாதலால் ஆங்கிலத்தில் அதை டிரெயில் என்பது பொருந்தாது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில் இதற்கு மாறானது. ஜார்ஜியா முதல் மெய்ன் மாநிலம் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் செல்லும் அவ்வழி, 1937இல் முழுமை பெற்றது. அதன் பெரும்பகுதி இன்றும் காட்டு வழியே.

தமிழ்ச் சொற்கள்

ஒருவர் பின் ஒருவராக மட்டுமே செல்லக்கூடிய வழி ஒற்றையடிப் பாதை. யானைகள் பருவந்தோறும் இடம்பெயரும் வழி வலசைப் பாதை. சங்க இலக்கியத்தில் கடினமான காட்டு வழிக்கு ‘அதர்’ என்ற சொல் உண்டு. ‘ஆறு’ என்னும் சொல்லுக்கும் வழி என்ற பொருள் உண்டு. ஆற்றுப்படை என்னும் பெயர் அதிலிருந்து வந்ததே. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், மணலூர்பேட்டைக்கு வடமேற்கே உள்ள செங்கத்தை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்களுக்கு மலைவழியையும் அதில் எதிர்ப்படும் இடர்களையும் விரிவாகச் சொல்கிறது.

கல்வராயன் மலையில்

மணலூர்பேட்டைக்குத் தென்மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை உள்ளது. அங்கு மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். சுற்றுலாப் பயணிக்கு மலைத்தடம் என்பது ஒரு நாள் நடை. சாலை எட்டாத சிற்றூரில் வாழ்பவருக்கோ அது பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போகும் ஒரே வழி. 2024இல் இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் சாலை வசதியும் பேசப்பட்டது.

சட்டத்தின் பார்வையில் தடம் வேறு, சாலை வேறு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பள்ளி, மருந்தகம், சாலை உள்ளிட்ட வசதிகளுக்காக வன நிலத்தைப் பயன்படுத்த வழி செய்கிறது. ஒவ்வொரு பணிக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரையும் தேவை. ஆகவே ஒரு தடத்தை வரைபடத்திலோ மனுவிலோ ‘சாலை’ என்று எழுதினால், இன்னும் வராத வசதி வந்துவிட்டதாகப் பொருள்பட்டுவிடும்.

மலையேற்ற ஒழுங்குமுறை

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழிகளைத் தேர்ந்தெடுத்து, ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. தடம் கண்ணுக்குத் தெரிவதாலேயே அதில் எவரும் செல்லலாம் என்று கொள்ளலாகாது. காப்புக்காட்டு வழிகளில் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும்.

பயன்படுத்தும் முறை

நடையால் உண்டான வழியையோ விட்டுச் சென்ற சுவடையோ சொல்லும்போது ‘தடம்’ என்பது பொருந்தும். குறுகிய காட்டு வழிக்கு ‘ஒற்றையடிப் பாதை’ என்றும், மலையேறுவோருக்கென ஒழுங்குபடுத்தப்பட்ட வழிக்கு ‘மலையேற்றப் பாதை’ என்றும் எழுதலாம். வண்டி செல்வதற்காகக் கட்டப்பட்டதை மட்டுமே ‘சாலை’ எனல் வேண்டும்.