பாலையாவின் முகத்தைப் பாருங்கள்!

வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு ஒரே ஒரு நகைச்சுவைக் காட்சியின் மீது தீராத ஏக்கம். அதை ஒலிபரப்பினால் பாதிதான் நேயர்களுக்குப் போய்ச் சேரும். ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ், டி.எஸ்.பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சிதான் அது. படம் எடுக்கிறேன் என்று கிளம்பிய ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ முதலாளி செல்லப்பா, பணக்கார அப்பாவை உட்கார வைத்துத் திகில் கதை சொல்கிறார். சத்தம் எல்லாம் வாயாலேயே. வானொலியில் அந்தச் சத்தம் வரும். ஆனால் பாலையாவின் கண் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாவது வராது. அவர் அதிகம் பேசமாட்டார். பயப்படுவார், அவ்வளவுதான். நாம் சிரிப்பது பாதி அதற்காகத்தான்.

அந்த முகத்தை வேண்டும்போதெல்லாம் பார்க்கும் வசதியை நமக்குத் தந்தது வீட்டு வீடியோ. திரையரங்கில் ஓடி முடிந்த ஒரு படம், தலைமுறை தாண்டி வீட்டுப் பேச்சில் நிலைத்தது அப்படித்தான்.

படம் வந்தது 1964 பிப்ரவரி 27. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் ஸ்ரீதர் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எடுத்து ஊரையே அழ வைத்திருந்தார். அவரும் அவருடைய நண்பர் சித்ராலயா கோபுவும் சேர்ந்து, முழுக்கச் சிரிக்க ஒரு படம் என்று இறங்கியதன் விளைவு இது. அதுவும் ஈஸ்ட்மென் கலரில். புராணப் படத்துக்கும் ராஜா ராணிக் கதைக்கும்தான் வண்ணம் என்று இருந்த காலத்தில் அது துணிச்சல். செல்லப்பா கதை சொல்லும் பாணிக்குத் தூண்டுதல், வாயாலேயே பின்னணி ஓசை கொடுத்துக் கதை சொல்லும் இயக்குநர் தாதாமிராசி. அவர் இயக்கிய ‘புதிய பறவை’யும் அதே 1964-இல்தான் வந்தது. ஸ்ரீதரே இந்தப் படத்தை 1966-இல் இந்தியில் ‘பியார் கியே ஜா’ என்று எடுத்தார். செல்லப்பா வேடத்தில் மெஹ்மூத். அவர் பெரிய நடிகர்தான். இருந்தாலும் என் ஓட்டு நாகேஷுக்கே.

மலேசியர்களான நமக்கு இந்தப் படத்தில் கூடுதல் உரிமை உண்டு. அசோக்காக அறிமுகமான ரவிச்சந்திரன் கோலாலம்பூரில் பிறந்தவர். இங்கிருந்து திருச்சிக்குப் போய்ப் படித்து, முதல் படத்திலேயே நட்சத்திரமானார்.

இன்னோர் உரிமையும் இருக்கிறது. இது தோட்டத்துக் கதை. பாலையா எஸ்டேட் முதலாளி. அவர் வேலையை விட்டு நிறுத்திய அசோக், பங்களாவுக்கு எதிரே கூடாரம் அடித்து உட்கார்ந்துகொண்டு, முதலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலை கேட்டுப் பாடுகிறார். (இசையமைப்பாளர் பேரும் விஸ்வநாதன், முதலாளி பேரும் விஸ்வநாதன். பாடும்போது எத்தனை பேர் சிரித்தார்களோ!) படப்பிடிப்பு நடந்தது பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு அணை அருகே. அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள்.

கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்த குடும்பங்களுக்கு அந்தக் கூடாரம் வெறும் வேடிக்கையாகத் தெரிந்திருக்காது. இங்கே 1929-இல் தொடங்கிய போ தோட்டமானாலும் சரி, அடுத்தடுத்து வந்த மற்றத் தோட்டங்களானாலும் சரி, தோட்ட வாழ்க்கையின் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். வேலை இருந்தால் லயத்து வீடு இருக்கும். வேலை போனால் வீடும் போகும். காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி பேர் வாசிக்கும்போது தலை குனிந்து நின்றவர்கள், ராத்திரி திரையில் ஒருவன் துரை பங்களா வாசலில் கூடாரம் போட்டு ஆட்டம் காட்டுவதைப் பார்த்தால் சிரிப்பு எங்கிருந்து வரும்? வயிற்றுக்குள்ளிருந்து வரும்.

முதலில் சினிமா என்றால் மலையை விட்டு இறங்க வேண்டும், இல்லையென்றால் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் போடும் படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். கேமரன் குளிரில் திறந்தவெளியில் உட்கார்ந்து படம் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் 80-களில் வீடியோ டெக் வந்தது. ஒரு வீட்டில் டெக் இருந்தால் லயம் முழுக்க அந்த வீட்டில்தான். 180 நிமிட நாடா ஒன்றில் முழுப் படமும் அடங்கிவிடும். சிவப்பு வண்ணம் கொஞ்சம் வழியும், ஓரத்தில் கோடு ஓடும். யாருக்குக் கவலை?

பெரிய மாற்றம் படத்தின் தெளிவில் வரவில்லை. ரிவைண்ட் பொத்தானில் வந்தது. திரையரங்கில் ஒரு நகைச்சுவை வந்தால் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பில் அடுத்த வசனம் போய்விடும். வீட்டில் நிறுத்தலாம், திருப்பலாம். ரிங்லெட்டில் இருக்கும் என் பெரியம்மா கொழுந்து பறித்தவர். செல்லப்பா கதை சொல்லும் காட்சியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும்போது அவர் சொல்வது இதுதான்: “அவன் பேசுறதப் பாக்காத, பெருசு மூஞ்சியப் பாரு.” எனக்குத் தெரிந்து இதைவிடச் சரியான விமர்சனத்தை யாரும் எழுதவில்லை. முதல் தடவை பார்ப்பவர் நாகேஷைப் பார்ப்பார். மூன்றாம் தடவை பார்ப்பவர்தான் பாலையாவைப் பார்ப்பார். அந்த மூன்றாம் தடவை வீட்டில்தான் கிடைத்தது.

பிறகு விசிடி. பாசார் மாலாமில் பிளாஸ்டிக் உறையில் அடுக்கி வைத்திருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு வட்டில் 74 நிமிடம்தான் கொள்ளும். ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பழைய படங்களை இரண்டு வட்டுக்குள் அடைக்கச் சிலர் பாட்டில் கை வைத்தார்கள். கள்ள வட்டு பெருகியதால் நம் அரசாங்கம் 2000-இல் ஒளிவட்டுச் சட்டமே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கு விற்று, பழைய படங்களை வீட்டு வீட்டுக்குக் கொண்டுபோனது. அந்த அலையும் இப்போது ஓய்ந்துவிட்டது. 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் வீடியோ டெக் தயாரிப்பை நிறுத்தியது. அதுதான் உலகில் கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த நிறுவனம்.

‘இணையத்தில் இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பழைய படங்கள் பலவும் பழைய நாடாவிலிருந்து ஏற்றியவை. சில, அகலத் தொலைக்காட்சிக்காக மேலும் கீழும் வெட்டப்பட்டவை. சில, பக்கவாட்டில் இழுக்கப்பட்டவை. நாகேஷைக் குண்டாகப் பார்க்க ஆசையென்றால் அதற்கும் வழி இருக்கிறது! அப்புறம், இன்று இருக்கும் பிரதி நாளை எடுக்கப்பட்டால் யாரும் நம்மிடம் கேட்கப் போவதில்லை. அலமாரியில் இருக்கும் வட்டு அப்படி ஓடிப்போகாது.

தோட்டங்களும் மாறிவிட்டன. கொழுந்து பறிக்கும் வேலைக்கு இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் தானா ராத்தாவுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். நல்லதுதான், யாரும் ஏங்கச் சொல்லவில்லை. ஆனால் வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது இந்த நாடாக்களும் வட்டுகளும்தான். அதில் கல்யாண வீடியோவும் கலந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விடுமுறையில் மலைக்குப் போகிறவர்கள் பாட்டி வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். கேமரன் ஈரத்துக்கு நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். சின்னச் சன்னல் வழியே பார்த்தால் சுருளின் ஓரத்தில் தெரியும். அப்படி இருந்தால் டெக்கில் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை டெக்கின் தலையில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல நாடாவுக்கும் தாவும். நாடாவைக் கணினிக்கு மாற்றித் தரும் கடைகள் நகரங்களில் இன்னும் இருக்கின்றன. முதலில் கல்யாண நாடாவைக் கொடுங்கள், அதற்கு வேறு பிரதி கிடையாது.

வட்டு என்றால் மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு ஓடி, படம் தடுக்கும். விசிடியின் மேல்பக்கம், பேர் அச்சடித்திருக்கும் பக்கம்தான், உண்மையில் மென்மையானது. பதிவு அதற்கு ஒட்டினாற்போல இருக்கிறது. அதில் பால்பாயின்ட் பேனாவால் படத்தின் பேர் எழுதி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இனி வேண்டாம்.

கடைசியாக ஒன்று. படத்தைப் போட்டதும் தொலைக்காட்சியின் ரிமோட்டில் திரை அளவை 4:3 என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும், இருக்கட்டும். 1964-இல் எடுத்த அளவு கிட்டத்தட்ட அதுதான். செல்லப்பா அப்பாவிடம் கதை சொல்ல ஆரம்பிக்கும்போது பாலையாவின் நெற்றியிலிருந்து தாடை வரை முழுசாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.