தைரோகுளோபுலின் சீட்டும் கூட்டு வட்டிக் கணக்கும்

கோட்டுகால், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து நம்மவர் வீடுகளில் புற்றுநோய் என்றதும் போகிற இடம் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்திலுள்ள ஆர்.சி.சி. தான். 1981-ல் ஏற்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் அது. திருவனந்தபுரம் வட்டாரப் பெண்களிடம் தைராய்டுப் புற்றுநோய் பதிவாகும் விகிதம் இந்தியாவிலேயே மிகுதியானவற்றுள் ஒன்று.

சுரப்பியை முழுவதும் எடுத்து, கதிரியக்க அயோடினும் கொடுத்தபின், வருஷக்கணக்கில் ரத்தத்தில் பார்க்கப்படுவது தைரோகுளோபுலின் என்ற புரதம். தைராய்டுச் செல்கள்தான் அதை உண்டாக்கும். சுரப்பி போனபின் அது ஏறக்குறைய இல்லாமலாக வேண்டும். சீட்டில் எண் ஏறிவிட்டால் வீட்டில் அழுகை, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ராத்திரியே போன்.

ஆனால் ஒரே ஒரு எண் அதிகம் சொல்லாது. நோய்ச் செல்கள் கூட்டு வட்டி போலப் பெருகுபவை. ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 1, 2, 4 என்று வருகிறது. இன்னொருவருக்கு 4, 4.4, 4.84. கடைசிச் சீட்டை மட்டும் பார்த்தால் இரண்டாமவருக்கே கூடுதல். கணக்குப் போட்டால் முதலாமவருக்கு ஆறு மாதத்தில் இரட்டிக்கிறது, இரண்டாமவருக்கு மூன்றரை வருஷத்துக்கு மேலாகும். ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனை 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருஷத்துக்குள் இரட்டித்தவர்களே பெரும் ஆபத்தில் இருந்தார்கள்.

புள்ளியியலார் செய்வது இதுதான்: ஒவ்வொரு அளவுக்கும் பள்ளியில் படித்த மடக்கையை, அதாவது லாகரிதத்தை எடுத்து, தேதிக்கு எதிராகக் குறிக்கிறார்கள். கூட்டு வட்டி அப்போது நேர்கோடாகிவிடும். கோட்டின் சாய்விலிருந்து இரட்டிக்கும் காலம் கிடைக்கும். இரண்டு புள்ளி போதாது. 4 என்பது 4.4 ஆனது சோதனையின் சாதாரண ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம். சீட்டுகள் குறைவாக உள்ளவருக்கு, முன்பு பார்த்த பல நோயாளிகளின் போக்கையும் சேர்த்து மதிப்பிடும் முறை உண்டு. அதற்குக் கலப்பு விளைவு மாதிரி என்று பெயர். சீட்டுகள் சேரச் சேர அவருடைய சொந்தப் போக்கே மேலோங்கும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். ஒருமுறை இங்கே, மறுமுறை மகன் வீட்டுப் பக்கத்து லேபில் என்று பார்த்தால் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது. கருவிக்குக் கருவி அளவு மாறும். தைராக்ஸின் மாத்திரையை விட்டுவிட்டு ரத்தம் கொடுத்தாலும் டி.எஸ்.எச். கூடி, தைரோகுளோபுலினும் ஏறலாம். பழைய சீட்டுகளைத் தூக்கி எறிகிறவர்களை என்ன சொல்ல!

சிலர் ரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கும். அவர்களுக்கு உண்மை அளவு மறைந்து, சீட்டில் பொய்யாகக் குறைந்து தெரியக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர்கள் அந்த எதிர்ப்பொருளின் அளவையே வரிசையாகக் குறித்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள்.