ஒரு சட்டையால் கைநழுவப் பார்த்த உலகப் பட்டம்: 2023 ஸ்பீட்வே சீசன்

'ஸ்பீட்வே' என்றதும் நம்ம ஊர் ரேஸ் பிரியர்களுக்கு ஞாபகம் வருவது கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. எஸ். கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்கும் அந்தத் தளம், வளைந்து நெளிந்து போகும் தார்ச்சாலை. நம்ம இருங்காட்டுக்கோட்டையும் அப்படித்தான். ஆனால் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம், 'ஸ்பீட்வே' என்ற பெயரில் உலகப் பட்டம் கொடுக்கும் பந்தயமே வேறு. அதில் தார் கிடையாது, மண்தான். கியர் ஒன்றே ஒன்று. பிரேக் கிடையவே கிடையாது.

அந்தப் பந்தயத்தின் 2023 சீசனைப் பற்றித்தான் இந்தப் பதிவு. காரணம், அதில் வண்டிக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு விஷயம் உலகப் பட்டத்தையே ஆட்டிப் பார்த்தது.

பிரேக் ஏன் இல்லை?

முட்டை வடிவத்தில் ஒரு மண் தடம். சுற்றளவு சுமார் 260 மீட்டரிலிருந்து 425 மீட்டருக்குள் இருக்கும். நான்கு பேர், நான்கு சுற்று. ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும். எப்போதும் இடப்பக்கம் மட்டுமே திரும்புவார்கள். 500 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின், எரிபொருள் மெத்தனால்.

திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். பின்சக்கரத்தை வேண்டுமென்றே வெளிப்பக்கமாக வழுக்க விட்டு, ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து, இரும்புத் தகடு போட்ட இடது காலைத் தரையில் உரசியபடி போவார்கள். வழுக்கலேதான் அங்கே பிரேக். நிஜ பிரேக் இருந்தால்தான் ஆபத்து. முன்னால் போகிறவர் திடீரென்று பிடித்தால், பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் மூன்று பேரும் அவர் மேலேயே ஏறிவிடுவார்கள்.

நமக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம் ஒன்று உண்டு. மைசூரில் தயாராகி நம் சாலைகளில் ஓடிய ஜாவாவின் தாய்வீடான செக் நிறுவனம், 1964-ல் எஸோ என்ற கம்பெனியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதன்பின் பல வருஷங்கள் ஸ்பீட்வே வீரர்கள் பலருக்கு வண்டி கொடுத்தது அதே ஜாவாதான்.

16 பேர், 20 ஆட்டம்

எனக்கு இந்தப் பந்தயத்தில் ரொம்பப் பிடித்தது அதன் அட்டவணை. ஒரு இரவில் 16 வீரர்கள், 20 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு நான்கு பேர். ஆக ஒவ்வொருவருக்கும் ஐந்து ஆட்டம். ஒரு ஆட்டத்தில் மூன்று எதிராளிகள் என்றால் ஐந்து ஆட்டத்தில் 15. அதாவது மற்ற எல்லோரையும் சரியாக ஒரே ஒருமுறை சந்தித்தாக வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தாளில் போட்டுப் பாருங்கள், லேசில் வராது. கணிதத்தில் 'நான்காம் வரிசை அஃபைன் தளம்' என்று ஒரு அமைப்பு உண்டு: 16 புள்ளிகள், 20 கோடுகள், எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் அவற்றின் வழியே ஒரே ஒரு கோடு. ஸ்பீட்வே அட்டவணை அச்சு அசல் அதுதான்.

ஆட்டத்துக்கு 3, 2, 1, 0 என்று புள்ளி. 2023-ல் மேலே வந்த எட்டுப் பேர் இரண்டு அரையிறுதிகளில் ஓடினார்கள், அதிலிருந்து நான்கு பேர் இறுதிக்குப் போனார்கள். 2020-லிருந்து இருந்த முறைப்படி, அந்த இரவின் இடத்தை வைத்துத்தான் சாம்பியன்ஷிப் புள்ளி: இறுதியில் ஓடிய நால்வருக்கு 20, 18, 16, 14. அரையிறுதியில் தோற்றவர்களுக்கு 12, 11, 10, 9. மற்றவர்களுக்கு 8-லிருந்து 1 வரை.

வோயன்ஸில் நடந்தது

2023-ல் மொத்தம் பத்து சுற்றுகள். ஏப்ரலில் குரோஷியாவில் தொடங்கி, செப்டம்பர் கடைசியில் போலந்தின் தோருனில் முடிவதாக ஏற்பாடு. எட்டு சுற்று முடிந்தபோது போலந்தின் பார்த்தோஷ் ஸ்மாஷ்லிக் முதலிடம். ஏற்கெனவே 2019, 2020, 2022 என்று மூன்று முறை ஜெயித்தவர். இரண்டாமிடத்தில் இருந்த ஸ்வீடனின் ஃப்ரெட்ரிக் லிண்ட்கிரெனை விட 24 புள்ளி முன்னால் இருந்தார்.

ஒன்பதாவது சுற்று டென்மார்க்கின் வோயன்ஸில். அங்கே தகுதிச்சுற்றில் ஸ்மாஷ்லிக் போட்டு வந்தது, சாம்பியன்ஷிப்புக்கு என்று அங்கீகரிக்கப்பட்ட உடை இல்லை. வேறு ஒரு பந்தய உடை. விதிமீறல் என்று சொல்லி, அந்தச் சுற்றிலிருந்தே அவரை விலக்கிவிட்டார்கள். பூஜ்யம் புள்ளி. அன்று இரவு லிண்ட்கிரென் 18 புள்ளி எடுத்தார். 24 ஆக இருந்த இடைவெளி 6 ஆனது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். கடைசிச் சுற்றில் ஒருவர் இன்னொருவரை அதிகபட்சம் 19 புள்ளிதான் முந்த முடியும், 20-க்கு 1 என்று. வோயன்ஸில் ஸ்மாஷ்லிக் இறுதி ஆட்டத்தில் கடைசியாக வந்து 14 புள்ளி எடுத்திருந்தால்கூட இடைவெளி 20. பட்டம் அன்றைக்கே முடிவாகியிருக்கும். அதற்குப் பதிலாக, தோருனில் லிண்ட்கிரென் ஜெயித்து, ஸ்மாஷ்லிக் அரையிறுதியோடு வெளியேறினால் பட்டம் கைமாறும் என்ற நிலை. ஒரு சட்டை அவ்வளவு வேலை பார்த்தது.

நல்லவேளை, தோருனில் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் ஸ்மாஷ்லிக் தன் நான்காவது பட்டத்தை எடுத்துவிட்டார். லிண்ட்கிரெனுக்கு இரண்டாமிடம்.

குற்றமும் தண்டனையும்

முடிவு நல்லபடியாக வந்துவிட்டதே என்று விட்டுவிடலாமா? எனக்கு மனசு கேட்கவில்லை. இதே விளையாட்டில் இன்னொரு விதியைப் பாருங்கள். தொடக்கக் கோட்டில் கட்டியிருக்கும் நாடாவை, அது மேலே எழும்புவதற்கு முன்பே தொட்டுவிட்டால், அந்த ஒரு ஆட்டத்திலிருந்து மட்டும் வெளியே. அதிகபட்ச நஷ்டம் 3 புள்ளி. நாடாவைத் தொடுகிறவர் முந்திப் பாயப் பார்க்கிறார், அது பந்தயத்தையே பாதிக்கும் தவறு. உடை மாறினால் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குகூட லாபம் இல்லை. ஆனால் தண்டனை மொத்த இரவும்!

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கு. அந்த உடைக்குப் பின்னால் விளம்பரதாரர் பணம் இருக்கிறது, அந்தப் பணத்தில்தான் சாம்பியன்ஷிப்பே ஓடுகிறது. முதலிடத்தில் இருப்பவரை விட்டுவிட்டு, பதினாறாம் இடத்துக்காரரைப் பிடித்தால் அது இன்னும் கேவலம். ஆகவே விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கணும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அளவில்தான் எனக்குப் பிரச்சினை. பணம் சம்பந்தப்பட்ட தவறுக்குப் பணத்தில் அபராதம், பந்தயம் சம்பந்தப்பட்ட தவறுக்குப் புள்ளியில் அபராதம் என்று பிரித்து வைத்தால் போதும்.

1936-ல் வெம்பிளியில் தொடங்கிய காலத்திலிருந்து உலகப் பட்டம் பெரும்பாலும் ஒரே இரவு இறுதிப் போட்டியில் தீர்மானமாகி வந்தது. ஒருநாள் துரதிர்ஷ்டம் ஒரு வருஷ உழைப்பை விழுங்குகிறதே என்றுதான் 1995-ல் பல சுற்றுகள் கொண்ட கிராண்ட் பிரி முறைக்கு மாறினார்கள். வாசல் வழியாக வெளியே அனுப்பிய அந்தத் துரதிர்ஷ்டம், 2023-ல் உடைப்பெட்டி வழியாக உள்ளே வந்துவிட்டது.

18 புள்ளி பெரிதா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2025-ல் ஸ்மாஷ்லிக் ஆறாவது பட்டத்தை வென்று ஐவன் மாகர், டோனி ரிக்கார்ட்சன் இருவரின் சாதனையைச் சமன் செய்தார். ஆஸ்திரேலியாவின் பிராடி கர்ட்ஸை அவர் முந்தியது ஒரே ஒரு புள்ளியில்.