முசுறுக்கு வேண்டாம், குன்றிமணிக்கு வேண்டும்

தை, மாசியில் சித்தூர் மாந்தோப்புகளுக்குள் நுழையும் மேக்ரோ லென்ஸ்காரருக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. கிளிமூக்கு மரத்தின் பூங்கொத்தில் தத்துப்பூச்சி இருக்கும். இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு இருக்கும். அதே முசுறு போல வேடம் போட்டுத் திரியும் தாவும் சிலந்தியும் கண்ணில் படலாம். வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் சங்கடம் தெரியும். கண் கூர்மையாக விழுந்திருந்தால் உணர்கொம்பு மங்கியிருக்கும். உணர்கொம்பு விழுந்திருந்தால் கண் போயிருக்கும். ஃபோகஸிங் ரெயில் ஒன்று வாங்கினால் சரியாகிவிடுமோ என்று தோன்றுவது அப்போதுதான்.

வாங்கலாம். ஆனால் எதைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்பதற்கு முதலில் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு மில்லிமீட்டர் உலகம்

ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 1:1 உருப்பெருக்கத்தில் எஃப்/8 வைத்தால், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர். 2:1-க்குப் போய் எஃப்/5.6 வைத்தால் அது கால் மில்லிமீட்டராகிவிடும். அப்பர்ச்சரை எஃப்/22 வரை சுருக்கி ஆழத்தைக் கூட்டலாமே என்றால், ஒளியின் விளிம்பு விளைவால் படம் மொத்தமும் கூர்மை இழக்கும். இதற்குத்தான் ஃபோகஸ் ஸ்டாக்கிங் வந்தது. கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருளில் ஒவ்வொன்றின் கூர்மையான பகுதியையும் சேர்த்து ஒரே படமாக்குவது. அந்தக் 'கொஞ்சம் கொஞ்சமாக' என்பதை அளந்து கொடுப்பதே ரெயிலின் வேலை.

அப்படியானால் எல்லாப் படங்களுக்கும் பொருள் அசையாமல் இருக்க வேண்டும். முசுறு இருக்குமா? தோப்புக் காற்றில் மாம்பூ இருக்குமா? ட்ரைபாடை விரித்து, ரெயிலைப் பூட்டி, குமிழைத் திருகுவதற்குள் எறும்பு அடுத்த கிளைக்குப் போயிருக்கும். தோப்பில் உங்கள் உடம்புதான் ரெயில். ஃபோகஸை 1:1-இல் நிறுத்திவிட்டு, முழங்கையை எதன்மீதாவது ஊன்றி, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்து, கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துங்கள். ரெயிலுக்கு வைத்திருக்கும் காசில் ஒரு ஃப்ளாஷும் நல்ல டிஃப்யூசரும் வாங்கினால் இங்கே பலன் அதிகம்.

எங்கே ரெயில் வேண்டும்?

தலக்கோனா அருவிப் பக்கத்துப் பாறைகளில் படரும் பாசியும் கல்பாசியும் ஓடிவிடாது. மர நிழலில் வெளிச்சம் குறைவு, ஷட்டர் மெதுவாகும். ட்ரைபாடும் ரெயிலும் அங்கே கைகொடுக்கும். தலக்கோனா இருக்கும் சேஷாசலம் 2010 முதல் உயிர்க்கோளக் காப்பகம். ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா அதற்குள் இருக்கிறது. செம்மரக் கடத்தலால் காட்டுக்குள் சோதனை கடுமை. அனுமதி வாங்காமல் மூட்டை முடிச்சோடு உள்ளே போகாதீர்கள்.

ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரித் துணியின் கதை வேறு. இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த கறுப்பு மை, மூங்கில் பேனாவிலிருந்து நூலிழைக்குள் இறங்கியிருப்பதை நெருக்கத்தில் எடுக்க ஆசை வரும். துணி தட்டையானது, அதற்கு ஆழம் பிரச்சினை இல்லை, கேமரா துணிக்கு நேர் இணையாக நிற்பதுதான் பிரச்சினை. துணிமேல் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழும்வரை கேமராவைச் சரிசெய்தால் போதும்.

ரெயில் உண்மையில் தன் காசைச் சம்பாதிப்பது வீட்டு மேசையில்தான். வேலியோரம் பொறுக்கிய ஒரு குன்றிமணியை 2:1-இல் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் ஆழம் கூர்மையாக வேண்டும். படத்துக்கு 0.2 மில்லிமீட்டர் நகர்த்தினால் பதினைந்து, பதினாறு படங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது

முதலில் குமிழின் ஒரு முழுச் சுற்றுக்கு ரெயில் எவ்வளவு நகர்கிறது என்று கேளுங்கள். 1 மில்லிமீட்டர் என்றால் குன்றிமணிக்கு ஐந்தில் ஒரு சுற்று, கையால் செய்துவிடலாம். பல்சக்கரத்தில் ஓடும் மலிவு ரெயில்களில் ஒரே சுற்றில் பல மில்லிமீட்டர் தாவிவிடும். 1:1-க்குள் நிற்பவருக்கு அது போதும், அதற்கு மேல் உதவாது. 5:1-இல் எஃப்/2.8 வைத்தால் ஆழம் சுமார் 0.04 மில்லிமீட்டர், தலைமயிரின் தடிமன்கூட இல்லை. அங்கே கை வேலைக்கு ஆகாது. மோட்டார் ரெயில்தான் வழி.

அடுத்தது ஆட்டம். கேமராவை மாட்டி, திரையில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, குமிழை முன்னே திருகிப் பிறகு பின்னே திருகுங்கள். படம் நகரத் தொடங்குமுன் குமிழ் எவ்வளவு வெறுமனே சுற்றுகிறதோ அவ்வளவு ஆட்டம் மரையில் இருக்கிறது. நல்ல ரெயிலிலும் கொஞ்சம் இருக்கும். எப்போதும் ஒரே திசையில் திருகினால் அது தொந்தரவு செய்யாது.

மூன்றாவதாக, லென்ஸைத் தரையை நோக்கித் திருப்பிப் பாருங்கள். கேமரா தானாகக் கீழே வழுக்கினால் அந்த ரெயில் வேண்டாம். நான்கு பக்கமும் நகரும் இரட்டை அடுக்கு ரெயில் பார்க்க வசதிதான். ஆனால் ஒவ்வொரு அடுக்கும் ஓர் அசைவைக் கூட்டும். ஸ்டாக்கிங் மட்டுமே நோக்கம் என்றால் உறுதியான ஒற்றை அடுக்கே நல்லது. ட்ரைபாடில் ஏற்கெனவே ஆர்க்கா ஸ்விஸ் வகைக் கிளாம்ப் இருந்தால் அதில் நேராகப் பொருந்துவதை வாங்குங்கள்.

கடைசியாக உங்கள் கேமராவின் மெனுவையும் ஒருமுறை புரட்டுங்கள். 2017-இல் வந்த நிக்கான் டி850, 2019-இல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர்பி போன்றவை லென்ஸின் ஃபோகஸைத் தாமே படிப்படியாக நகர்த்தி வரிசையாகப் படமெடுக்கும். அந்த வசதி இருந்து, உங்கள் மேக்ரோ லென்ஸும் ஆட்டோஃபோகஸ் ரகமாக இருந்தால், 1:1 வரை ரெயில் தேவையே இல்லை. லென்ஸைத் திருப்பி மாட்டுபவர்கள், பழைய மேனுவல் லென்ஸ் வைத்திருப்பவர்கள், 1:1-ஐத் தாண்டிப் போகிறவர்கள் மட்டும் ரெயிலுக்குக் காசு ஒதுக்கலாம். மற்றவர்கள் அந்தக் காசில் சீசனுக்கு இரண்டு தடவை கூடுதலாகத் தோப்புக்குப் போய் வரலாம். படம் நிச்சயம் தேறும்.