பில்லைப் பார்க்காத நோயாளி

"காப்பீட்டு அட்டையில எப்படிங்க திருட முடியும்? பணமே நம்ம கைக்கு வரலையே!"ன்னு ஒரு நேயர் கேட்டிருந்தார். பணம் நம்ம கைக்கு வராததுதான் திருடுறவங்களுக்கு வசதியே.

2018-ல் தொடங்கின ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் இது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தோடு சேர்ந்து நடக்குது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே ஒரு பேக்கேஜ் விலை இருக்கு. மருத்துவமனை பில் அனுப்பும், பணம் நேரா அவங்களுக்குப் போகும். படுத்திருக்கிறவர் அந்த பில்லைப் பார்க்கிறதே அபூர்வம்.

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த சிஏஜி அறிக்கையைப் படிச்சா சிரிப்பும் வரும், வயிறும் எரியும். 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் ஏறக்குறைய 7.5 லட்சம் பயனாளிகள்! "சரிபார்ப்பு ஆதார் வழியாத்தான், செல்போன் எண்ணை வச்சு இல்லை"ன்னு அரசு பதில் சொன்னது. சரி, ஆதாரையே பார்ப்போம். தமிழ்நாட்டில் 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். இறந்துட்டதா ஏற்கெனவே பதிவான 3,446 பேரோட சிகிச்சைக்கு 6.97 கோடி ரூபாய் போயிருக்கு. இதில் கொஞ்சம் டைப்பிங் தப்பாகவும் இருக்கலாம். ஆனா, தப்பையும் திருட்டையும் பிரிச்சே பார்க்க முடியாத ஒரு பதிவேடு, திருடனுக்குக் கிடைச்ச வரம்.

வராத நோயாளிக்கு பில் போடுறது, சின்ன சிகிச்சையைப் பெரிய பேக்கேஜில் காட்டுறது, இலவசமா செய்ய வேண்டியதுக்கு நம்மகிட்டயும் காசு வாங்குறது, இதெல்லாம் வழக்கமான ரகங்கள். என்னைப் பொறுத்தவரை இதைவிட மோசமானது, தேவையே இல்லாத சிகிச்சையை நிஜமாவே செய்துடுறது. அப்போ பில்லும் ஸ்கேனும் தையலும் எல்லாமே அசல். தணிக்கையில் எதைப் பிடிப்பீங்க?

2024 நவம்பரில் குஜராத்தின் போரிசனா கிராமத்தில் ஒரு தனியார் மருத்துவமனை இலவச முகாம் நடத்தியது. அங்கிருந்து 19 பேரை அகமதாபாத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. 7 பேருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வச்சாங்க. 2 பேர் இறந்துட்டாங்க. எங்களுக்குச் சொல்லாமலே செஞ்சாங்கன்னு குடும்பங்கள் புகார் கொடுத்தாங்க. அப்புறம்தான் விசாரணை, கைது எல்லாம்.

உயிருக்கு ஒண்ணும் ஆகலைன்னாலும், அந்த 5 லட்சத்தில் ஒரு பங்கு காலி. அதே வருஷம் அப்பாவுக்கு நிஜமாவே நெஞ்சுவலி வந்தா?

வீட்டில் யாராவது டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்தச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் படிங்க. செய்யாத சிகிச்சை அதில் இருந்தா, 14555-க்கு போன் போடுங்க.